மாற்றம் இல்லை

ஜனவரி 3

மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி. அட்டையில் பெரிதாக ஒரு கண். பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் ஆளுக்கொன்று கொடுக்கிறார்கள். நான் கோலம் போட்டுப் பார்க்கத்தான் எடுத்துக்கொள்வேன். இந்த வருடம் எஸ்தர் டாக்டர் எழுதச் சொல்லிவிட்டார்.

"தெனமும் சொட்டு போட்ட நேரத்த எழுதுங்க வடிவு. கண்ணுல ஏதாவது வித்தியாசம் பட்டா அதையும் எழுதுங்க. அடுத்தவங்களுக்குச் சொல்றத நீங்களும் கொஞ்சம் செய்யுங்க."

சரி. பெயர் சங்கரவடிவு. வயது நாற்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பவள். இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் கவிழ்த்தது போல ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கும் பித்தானை அமுக்க வேண்டும். கண்ணில் எங்கே பார்வை செத்திருக்கிறதோ அங்கே காகிதத்தில் கறுப்பு விழும். அந்த மெஷினுக்கு நாங்கள் வைத்த பெயர் கும்பா.

என் நோய்க்கு வருகிறேன். கண்ணில் நீர் அழுத்தம் கூடினால் நரம்பு கெடும், அது ஊரறிந்தது. எனக்கு அழுத்தம் பதினாலு. எல்லாரையும் போல நார்மல். நரம்பு மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது. பூட்டு உடையவில்லை, ஓடு பிரியவில்லை, வீட்டில் சாமான் மட்டும் குறைகிறது. இடது கண்ணில் மேல்பாதி மூன்று வருடம் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் நடுவுக்கு இடப்பக்கம், சற்றுத் தள்ளி, சின்னதாக ஓர் ஓட்டை. அது நடுவை நோக்கி நகர்ந்தால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதோடு இருட்டறை வேலையும் கிடையாது.

அந்த வேலை இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருக்கிறது.

சொட்டு: ஒன்பது மணி.

ஜனவரி 4

சொட்டு: ஒன்பது மணி. வித்தியாசம் இல்லை.

ஜனவரி 21

காப்பி டம்ளரைத் தட்டிவிட்டேன். இந்த வாரத்தில் மூன்றாம் தடவை. என் வீட்டுக்காரர் பேச்சிமுத்து மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறினால் அவ்வளவு கவனம், வீட்டில் டம்ளரைக் கண்ட இடத்தில் வைப்பார்.

"வைக்கதுக்கு வேற எடமே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

"தெரியாம வச்சிட்டேன் வடிவு" என்றவர், துணி எடுத்து அவரே துடைத்தார். அடுத்த காப்பியை என் வலது கைப் பக்கம் வைத்தார். சொன்னால் உறைக்கிறது மனுஷனுக்கு.

பிப்ரவரி 8

மூன்றாம் நம்பர் பஸ் என்று ஏறி உட்கார்ந்தால் அது பதின்மூன்றாம் நம்பர். ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிட்டார்கள். இப்போதெல்லாம் பஸ்ஸின் நெற்றியில் விளக்கு எழுத்து போடுகிறார்கள், பாதி எரிவதில்லை. முன்னாலிருக்கும் ஒன்று அணைந்துபோயிருந்தால் ஆள் என்ன செய்வாள்? நடத்துநரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வர அரை மணி நேரம் தாமதம். சொட்டு: ராத்திரி ஒன்பதே கால்.

பிப்ரவரி 13

இன்று ஒரே காலையில் இரண்டு இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லை எறிந்தால் இசக்கிமுத்து மேல்தான் விழும். எம். இசக்கிமுத்து சர்வே ஆபீஸில் ரிட்டையர் ஆனவர், நோய் அடங்கிக் கிடக்கிறது, வாய் மட்டும் அடங்காது. எஸ். இசக்கிமுத்து சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போட்டிருப்பவர். சின்ன வயதில் கம்பு குத்தி ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணிலும் நீர் அழுத்தம். கும்பாவுக்குள் முகத்தை வைக்கும்போதே பித்தானை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"ஏ தங்கச்சி, ரொம்ப நேரம் ஒண்ணுமே தெரியல பாத்தியளா, அப்பம் நாந்தான் என்னமும் தப்பு பண்ணுதேனோன்னு வருது."

"தேடாதீங்க அண்ணாச்சி. நடு வெளக்கையே பாருங்க. தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க. தெரியலங்கது தப்பில்ல."

நான் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்லும் மந்திரம் இது. இன்னொன்றும் சொல்வேன், சத்தத்தைக் கேட்டு அமுக்காதீர்கள் என்று. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் கும்பா கிர்ரென்று முனகும். சில தடவை வெளிச்சமே போடாமல் சும்மா முனகும், திருடர்களைப் பிடிக்க. இரண்டு முனகலுக்கும் உள்ள வித்தியாசம் உலகத்தில் என் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டியலில் இசக்கிமுத்து என்று தட்டினேன், வந்தது, போட்டேன். இருவருக்கும் முடித்துக் காகிதம் எடுத்து, ஃபைலில் கோப்பதற்கு சகாயமேரியிடம் கொடுத்தேன். மேரி பக்கத்து அறையில் நரம்பு ஸ்கேன் எடுப்பவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், வந்ததிலிருந்து என் சோற்றுக் கூட்டாளி. எஸ். இசக்கிமுத்துவின் சீட்டில் பழைய படங்களோடு ஒப்பிட்டு 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன். எஸ்தர் டாக்டர் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 6

எனக்கு டெஸ்ட். காலையில் மேரிதான் பித்தானைக் கையில் கொடுத்து மெஷினைத் தட்டிவிட்டாள். எனக்குத் தூக்கக் கலக்கம், கை விரலெல்லாம் ஐஸ். சரியாக வரவில்லை. நடுவை ஒட்டிக் கறுப்பாக விழுந்திருந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, மெஷினிலிருந்தும் அழித்துவிட்டேன். சரியில்லாத டெஸ்டைத் திரும்ப எடுப்பது எல்லாருக்கும் செய்வதுதான்.

மதியம் மேரி சாப்பிடப் போனபின் காப்பி குடித்துவிட்டு நானே மறுபடி உட்கார்ந்தேன். காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன். கவனமாக இருந்தேன் என்று சொல்ல வருகிறேன். சுத்தமாக வந்தது. ஜனவரிக்கு முன் எடுத்ததற்கும் இதற்கும் நூல் பிசகவில்லை.

சொட்டு: ஒன்பது மணி.

மார்ச் 7

எஸ்தர் டாக்டருக்குச் சந்தோஷம். "அப்படியே நிக்குது வடிவு, அழுத்தமும் பதினொண்ணுக்கு வந்துருக்கு" என்றார். பிறகு எம். இசக்கிமுத்துவின் பிப்ரவரிப் படத்தை எடுத்துப் போட்டார். பாதி கறுப்பு. "இவருக்கு என்ன திடீர்னு?" என்று கேட்டார். அவரை வரவழைத்துத் திரும்ப எடுத்தேன், பழையபடி நன்றாக இருந்தது. "அன்னைக்கு அண்ணாச்சி தூங்கிட்டாவ டாக்டர்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

ஏப்ரல் 9

வேலை முடிந்து வந்தால் வாசற்படி, மாடிப்படி எல்லாவற்றின் விளிம்பிலும் வெள்ளைப் பெயிண்ட். வீட்டுக்காரர் வேலை.

"கோயிலா இது? பட்டை அடிச்சு வச்சிருக்கிய?"

"ஆபீஸ்ல பெயிண்ட் மிஞ்சிக் கெடந்துச்சு."

"மிஞ்சுனா படியிலதான் ஊத்தணுமா?"

டப்பாவை மூடி உள்ளே கொண்டுபோனார். இந்த மனுஷனோடு சண்டைகூடப் போட முடியாது. போன வாரம் மாடியில் காயப்போட்ட துணியோடு நான் விழுந்தது வேறு விஷயம். அது நைட்டி தடுக்கியது.

மே 18

எஸ்தர் டாக்டர் கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரமெடுத்துப் பார்த்தார். வலது கண் நரம்பின் ஓரத்தில் ஒரு சின்ன ரத்தக்கீற்று இருக்கிறதாம், மயிரிழை அளவு, சுடர் வடிவில். அது என்ன என்று எனக்குத் தெரியும். அழுத்தம் நார்மலாக இருந்துகொண்டே நரம்பு கெடுகிறவர்களுக்கு வரும் அடையாளம் அது. அந்த இடத்தில் நரம்பு அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பேருக்கு டாக்டர் இதைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன்.

மேரி ஸ்கேன் எடுத்தாள். எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினாள். போன வருடம் பச்சையாக இருந்த இடம் சிவப்பு.

"ஸ்கேன்ல மெலிஞ்சிருக்கு. ரத்தம் வேற. ஃபீல்டு மட்டும் எப்படி அசையாம நிக்குது?" என்று டாக்டர் தனக்குள் பேசுவது போலக் கேட்டார். "பிரஷர் மாத்திரைய ராத்திரி போடுறீங்களா? காலைல மாத்துங்க. தூங்கும்போது ரத்த அழுத்தம் ரொம்ப எறங்குனா நரம்புக்கு ரத்தம் போகாது. ஜூலைல ஃபீல்டு பாப்போம். அது எறங்கிருந்தா ஆபரேஷன்தான். எறங்கலன்னா இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்."

பொறுக்கலாம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 2

சொட்டு: ஒன்பது. மாத்திரை காலைக்கு மாற்றியாயிற்று. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு சொட்டுகூடக் கண்ணுக்கு வெளியே போகவில்லை. இதற்குமேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

ஜூன் 11

அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பாள். "வயசாயிட்டுல்லா" என்றார்கள் எல்லோரும். நானும் அதையே சொன்னேன். அவளுடைய தட்டில் இடப்பக்கம் வைத்த கூட்டு எப்போதும் மிஞ்சிக் கிடக்கும். கூட்டு பிடிக்காது போல என்று வைப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 12

இன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் என் தட்டை மெதுவாக அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். பொரியல் அங்கே இருந்திருக்கிறது. எடுத்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 12

டெஸ்ட். மேரியை ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டு நானே எடுத்துக்கொண்டேன். ஒரே தடவையில் சுத்தம். ரொம்ப நன்றாக வந்தாலும் சந்தேகம் வரும், பழைய ஓட்டை பழைய இடத்தில் இருக்க வேண்டும். இருந்தது.

டாக்டர் ஸ்கேனையும் ஃபீல்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி, நம்ம பொறுப்போம்" என்றார். "ஒங்க டெஸ்ட நம்பலன்னா வேற யாரு டெஸ்ட நம்ப?"

சீட்டில் நானே எழுதினேன்: மாற்றம் இல்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஏன் என்று எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 21

எஸ். இசக்கிமுத்து வந்திருந்தார். மருமகன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நெற்றியில் ஏழு தையல்.

"வாய்க்கா பாலத்துல கால வைக்கேன்னு வெறுங்காத்துல வச்சிட்டேன் தங்கச்சி. நாப்பது வருசமா நடக்கப் பாலம். பிப்ரவரியிலயே மங்கலாத்தான் இருந்துச்சு. நீங்க மாத்தம் இல்லன்னு எழுதிக் குடுத்தியளா, அப்பம் கண்ணுல ஒண்ணுமில்ல, நமக்குக் காலுதான் தளந்துட்டுன்னு நெனச்சிட்டேன்."

டெஸ்ட் எடுத்தேன். பித்தான் சத்தமே கேட்கவில்லை. நடு வரைக்கும் கறுப்பு. அந்தக் கறுப்பின் ஓரத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன் என்று பட்டது. எம். இசக்கிமுத்துவின் ஃபைலை எடுத்தேன். பிப்ரவரி 13. அதே கறுப்பு, கொஞ்சம் சின்னதாக. அன்றைக்குத் தூங்கிவிட்டார் என்று சிரித்தோமே, அது இந்த அண்ணாச்சியின் கண். இவருடைய ஃபைலில் இருப்பது அவருடைய கண்.

மெஷினில் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இசக்கிமுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக. பெயரைப் பார்த்தால் பெயர் தெரிகிறது. அதற்கு முன்னாலிருக்கும் எழுத்து தெரியவில்லை. தலையை இடப்பக்கம் திருப்பினேன். எஸ் வந்தது. நேரே பார்த்தேன். போய்விட்டது.

பதின்மூன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 22

ஃபைலில் காகிதம் மாறியது எப்படி என்று நிர்வாகி விசாரித்தார். கோத்தது சகாயமேரி. மேரிக்கு மெமோ.

ஆகஸ்ட் 23

மேரி மத்தியானம் சாப்பிடவில்லை. "நான் பாத்துத்தான்க்கா கோப்பேன். பேரு பாத்துத்தான் கோப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காகிதத்தில் என்ன பெயர் இருந்ததோ அதைப் பார்த்துத்தான் கோத்திருக்கிறாள். பெயரைத் தந்தவள் நான். என் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவளுக்கு வைத்தேன். அவள் நன்றி சொன்னாள். நான் சாப்பிட்டேன். சீ.

ஆகஸ்ட் 26

சொட்டு போட்டேன். நேரம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 4

புது மெஷின் வந்திருக்கிறது. கும்பாவை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். புதியதைத் தட்டிப் பார்த்தேன். ஓடுகிறதா என்றே தெரியவில்லை. முனகல் கிடையாது, துளிச் சத்தம் கிடையாது.

வீட்டுக்காரரிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்த காகிதம், காது, இரண்டு இசக்கி, மேரியின் மெமோ. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார்.

"படியில வெள்ள அடிச்சப்பமே தெரியும்."

"பெறகு ஏன் சண்ட போட்ட?"

"போடாம இருந்தா உண்மையாயிரும்லா."

அவர் கை கழுவப் போய்விட்டார். வெகு நேரம் குழாய் ஓடியது.

செப்டம்பர் 6

காலையில் மேரியிடம் போய், "எனக்கு ஃபீல்டு எடு மேரி. புது மெஷின்ல. எடுத்து முடிக்க வரைக்கும் வெளிய போவாத" என்றேன்.

மெஷினுக்குள் முகத்தை நுழைத்து நாடியை வைத்தேன். இடது கண்ணை மூடினாள். பித்தானைக் கையில் வைத்தாள். நடுவில் மஞ்சள் விளக்கு. என்னிடம் வருடக்கணக்காகக் கேட்டதை அவள் அப்படியே சொன்னாள்.

"தேடாதீங்கக்கா. தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க."

ஒரு வெளிச்சம் கீழே வந்தது. அமுக்கினேன். வலப்பக்கம் ஒன்று. அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கண்ணுக்கு எத்தனை புள்ளி, எத்தனை வினாடிக்கு ஒன்று, எல்லாம் தெரியும். எனக்கு மேலே, எனக்கு இடப்பக்கம், என் மூக்குக்கு நேரே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். ஒரு சத்தம் கேட்காதா என்று காது அலைந்தது. மேரி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. கட்டை விரல் பித்தான் மேல் துடித்தது. சும்மா இருந்தேன். ஆறு நிமிஷம் சும்மா இருந்தேன்.

மேரி காகிதத்தை எடுத்தாள். எடுத்ததும் அழுதாள். "அக்கா, மெஷினு புதுசு, செட்டிங் சரியில்லன்னு நெனக்கேன். இன்னொரு தடவ எடுப்போமா?"

"வேண்டாம்" என்றேன். அந்தக் காகிதத்தையும் பிப்ரவரிக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். மேரி மேல் தப்பில்லை என்பதை முதலில் சொன்னேன், மார்ச்சில் கிழித்ததைப் பிறகு சொன்னேன்.

எஸ்தர் டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். என் மார்ச் மாதப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மார்ச்சுலயே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் செய்தாலும் போனது வராது, மிச்சமிருப்பதை நிறுத்த முயலலாம், அதுவும் உறுதி இல்லை. இதை அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் இருட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன். மேரியின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள்.

செப்டம்பர் 7

எழுதும் வரி இடப்பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வரிமேல் வரி ஏறுகிறது. வீட்டுக்காரர் இந்த டைரியின் எல்லாப் பக்கத்திலும் இடது ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் தடியாகக் கோடு போட்டுவைத்திருக்கிறார். டிசம்பர் 31 வரைக்கும் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 19

ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனை. நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்வது முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். எஸ். இசக்கிமுத்து. மருமகன் மாத்திரை வாங்கப் போயிருந்தார். என் குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"தங்கச்சியா? நீங்க எதுக்கு இங்கன உக்காந்திருக்கிய?"

"எனக்கும் அதான் அண்ணாச்சி. நாளைக்கு ஆபரேஷன்."

"ஐயையோ" என்றார். கையைத் தடவி என் முழங்கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதிய. உள்ள முகத்த வச்சு ஒண்ணும் தெரியலன்னா, தெரியலங்கது தப்பில்லன்னு நீங்கதான எனக்குச் சொன்னிய. நான் இப்பம் வீட்லயும் அதத்தான் சொல்லிக்கிடுதேன். எம்மேல தப்பில்ல, எம்மேல தப்பில்லன்னு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரி அவரிடம் ஃபைல் மாறிவிட்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. யார் மாற்றியது என்று சொல்லவில்லை.

"ஒங்க மேல தப்பில்ல அண்ணாச்சி" என்றேன். "என் மேலதான். எனக்குக் கண்ணு தெரியல. தெரியலன்னு நான் சொல்லல. அதனாலதான் ஒங்க ஃபைல் மாறிச்சு."

முழங்கையைப் பிடித்திருந்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டார். பெஞ்சைப் பிடித்து எழுந்தார். என் முழங்கால் இடித்தது, என் முன்னால் கடந்து இடப்பக்கம் போனார்.

அங்கேயே நின்றாரா, நடந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பினால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை.